எருமையின் வலது பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே என் முழங்காலையும் உன் அண்ணியின் கோபத்தையும் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அவருடைய இருமல் நின்றதா?

இனிமேல் ஃபோன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஃபோனில் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், எதற்காகக் கூப்பிட்டோம் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோகிறது. எழுத்தில் என்றால் சொன்னது சொன்னபடி நிற்கும்.

நீ கேட்டது இதுதானே? மாப்பிள்ளை வேலை பார்த்த விமான நிலையத்தில் ஓய்வு பெற்றவர்கள் சங்கம் புதுக் கூடம் திறக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே ஓடிய சரக்கு விமானத்தின் மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். "உங்க மச்சான் இதெல்லாம் செய்வாராமே" என்று செயலாளர் மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். துணியை விலக்கித் திறந்து வைக்கப்போவதும் மாப்பிள்ளைதான். இதைச் சொல்ல உனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

செய்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுத்து முடித்து, நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகுதான் யாரோ "மாமா எங்கே?" என்று கேட்டார்கள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த ஆல்பத்தில் நான் இல்லை. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து நீ இந்த வேலையைக் கேட்டிருந்தால், மறக்கவில்லை என்று தெரிந்துகொள்.

மாப்பிள்ளைக்காகத்தான் செய்கிறேன். படிக்காதவன் என்ற பார்வையை அவர் என் மேல் ஒருநாளும் வைத்ததில்லை. இங்கே எங்கள் மாதிரி விமானக் குழுவில் ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் பல் டாக்டர். நான் கார் பட்டறையில் டிங்கரிங், பெயின்டிங் பார்த்தவன். ஆயுசு முழுக்கப் பழைய வண்டியைப் புதுசாகக் காட்டினேன். இப்போது புது பிளாஸ்டிக்கைப் பழசாகக் காட்டுகிறேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என்னைத் திருத்தவும் யாரும் வர வேண்டாம்.

அந்த விமானத்தின் படம் இருந்தால் அனுப்பு. புத்தகத்தில் இருப்பது அதே ரகத்தில் வேறு விமானங்கள். வேறு ஒருவன் முகத்தைப் பார்த்து மாப்பிள்ளையை வரைய முடியுமா?

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணியின் கோபத்துக்குக் காரணம் தின்னர் வாசனை என்றால் நான் அண்ணி கட்சி. இங்கே அவருக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்கு எப்போதும் போலத்தான்.

கல்யாணப் போட்டோவுக்கு இது எத்தனையாவது மன்னிப்பு என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இதையும் சேர்த்துக்கொள்.

சங்கத்திலிருந்து கேட்டு வந்ததிலிருந்து இவர் ஆளே மாறிவிட்டார். பரணிலிருந்து பழைய ஷூவை எடுத்துப் பாலிஷ் போட்டார். நேற்று பீரோக் கண்ணாடி முன்னால் ஒரு துண்டைத் தொங்கவிட்டு அதை எப்படி விலக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் துடைத்துக்கொள்வது போல பாவனை செய்தார்.

படம் இத்துடன் இருக்கிறது. இது ஒன்றுதான். எடுத்துக் கொடுக்கவே அவருக்கு இரண்டு நாள் யோசனை. அந்த விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'எருமை'. மெதுவாகப் போகும், எதற்கும் அசராது, வெள்ளத்தின்போது சேற்றிலேயே இறங்கி மருந்துப் பெட்டி கொடுத்துவிட்டு வந்தது. அலுவலகக் காலண்டருக்காகப் படம் பிடிக்க ஒருவர் வந்த அன்று காலையில் எடுத்தது இது. இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் துணியும் கையுமாக நிற்பவர் உன் மாப்பிள்ளை. அன்று மாலை தரையிறங்கும்போதுதான் விமானம் அடிபட்டது. அதற்குப் பிறகு அது பறக்கவில்லை. அதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே.

அழுக்கை அதிகம் போடாதே, அண்ணா. அவர் சுத்தக்காரர்.

உன் தங்கை


பிப்ரவரி 22

அன்புள்ள தங்கைக்கு,

முழங்கால் தேவலை. உன் அண்ணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாழப் பழகிவிட்டாள். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

அழுக்கைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அழுக்கு என்பது அள்ளிக் கொட்டுவது இல்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். சரக்குக் கதவு ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்திருந்தால், அங்கே பெட்டி இடித்திருக்க வேண்டும். இறக்கையின் அடியில் தேய்ந்திருந்தால், அங்கே செருப்புக் கால் ஏறியிருக்க வேண்டும். பல் டாக்டருக்கு இது புரியாது. அவர் விமானம் முழுக்கச் சமமாகப் புள்ளி வைப்பார், அம்மை போட்ட மாதிரி.

நான் முதலில் முழுவதும் அலுமினியம் அடித்தேன். அதன் மேல் ஈரம் தொட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் உப்புக் கல்லை ஒட்டினேன். அது காய்ந்ததும் மேலே வெள்ளையும் சாம்பலும் நீலப் பட்டையும். பிறகு உப்பை விரலால் தேய்த்து எடுத்தால் அந்த இடமெல்லாம் அலுமினியம் எட்டிப் பார்க்கும், நிஜமாகவே பெயர்ந்த மாதிரி. நீலத்தில் மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெள்ளை கலந்தேன், வெயிலில் வெளுத்ததற்காக. இன்ஜின் புகைக்குக் கறுப்புச் சாக்பீஸைப் பொடித்துப் பஞ்சால் ஒற்றினேன். மாப்பிள்ளை துடைத்த துணியின் தடம் கூட இடது சக்கரக் கம்பத்தில் வட்டவட்டமாகத் தெரிகிறது, பூதக் கண்ணாடி வைத்தால். அதையும் போட்டேன். ஓர் அரிசி அளவு இடத்தில்.

படத்தில் இருப்பது இடது பக்கம் மட்டும்தான். அதனால் என்ன? ஒரு வண்டியின் ஒரு பக்கத்தைக் காட்டினால் மறுபக்கம் எங்கே அடி வாங்கியிருக்கும் என்று சொல்லக்கூடியவன் நான். வலது பக்கத்தையும் என் அனுபவத்தில் முடித்தேன். முடித்துப் பார்த்தால் அது வெறிச்சென்று இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. வலது சக்கரக் குழியிலிருந்து வால் பக்கமாக, சிவப்பும் பழுப்பும் கலந்து எண்ணெய் கசிந்த மாதிரி ஒரு கோடு. ஒரே இழுப்பு. உன் அண்ணியே நின்று பார்த்தாள். மொத்த விமானத்துக்கும் அந்தக் கோடுதான் உயிர்.

பெட்டிக்குள் வைக்கும் அட்டையையும் நானே எழுதினேன். "அன்று காலை எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது. ஒவ்வொரு கறையும் உள்ளது உள்ளபடி." படித்தவர்கள் இதற்கு இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள்.

வங்கி மேலாளர் அந்தப் பக்கம் காரில் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். நீங்கள் சுகமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை.

விழாவுக்கு நான் வரவில்லை என்று மாப்பிள்ளை வருத்தப்பட வேண்டாம். அழைப்பிதழ் தபாலில் வந்தது. தபாலில் கூப்பிட்டால் தபாலில்தான் வர முடியும். ஆனால் சங்கத்தார் மரியாதை தெரிந்தவர்கள். வங்கி மேலாளரிடம் எனக்குக் கேடயம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். நான் அட்டையில் எழுதிய 'உள்ளது உள்ளபடி' என்பதையே அதில் பொறித்திருக்கிறார்கள். குழுவில் எல்லார் முன்னிலையிலும் கைதட்டினார்கள். முன்பு ஒரு தடவை என்னைப் பற்றி "பெரியவருக்குக் கை இருக்கு, அடிப்படை இல்லை" என்று சொன்ன பல் டாக்டரும் கைதட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், கைதட்டி முடிக்கும் வரைக்கும்.

விமானத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது என்று மேலாளர் சொன்னார். டார்ச் அடித்துக்கூடப் பார்த்தார்களாம். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று நீதான் எழுத வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 28

தங்கைக்கு,

உடம்பு சரியில்லையா என்று உன் அண்ணி கேட்கிறாள். நான் கேட்கவில்லை. ஒரு வேலையைச் செய்து கொடுத்தால் நன்றாக இருக்கிறது என்று நாலு வார்த்தை எழுத இவ்வளவு நாளா?

அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்தேன்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இவரை விமானக் கொட்டகையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்களே, அது பதவி உயர்வு, வேலை லேசு என்று உனக்கு எழுதினேன். அது உயர்வு இல்லை. அந்தப் படம் எடுத்த அன்று மாலை எருமையின் வலது சக்கரம் கீழே இறங்கவில்லை. ஒற்றைச் சக்கரத்தில் இறங்கிச் சாய்ந்து ஓடுபாதையை விட்டே போய்விட்டது. துணை விமானிக்கு ஒரு கை போயிற்று. வலது சக்கரத்தை இறக்கும் எண்ணெய், குழாயில் கசிந்து தீர்ந்திருந்தது. எப்போது கசியத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. காலையில் அந்தச் சக்கரத்தைப் பார்த்து அனுப்பியவர் இவர். "விரல் வெச்சுப் பார்த்தேன், காஞ்சிருந்துச்சு" என்று விசாரணையில் சொன்னார். பொய் என்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை. நம்பவும் யாருக்கும் மனசில்லை. அதனால் ஓய்வு பெறும் வரை ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தார். உனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் தாழ்ந்து தெரியக் கூடாது என்று நான் மறைத்தேன்.

இத்தனை வருஷத்தில் அவர்கள் இவரைக் கூப்பிட்டது இந்த விழாவுக்குத்தான்.

துணியை நன்றாகத்தான் விலக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பழைய இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். பட்டப்பகலிலும் சட்டைப் பையில் டார்ச் வைத்திருப்பதால் அவருக்குப் பெயரே டார்ச்தான். உன் அட்டையை உரக்கப் படித்தார். குனிந்து, வயிற்றுக்கு அடியில் வெளிச்சம் அடித்தார்.

"இங்க பாருங்கப்பா," என்றார். "காலையிலேயே கசிஞ்சிருக்கு."

குத்தலாகச் சொல்லவில்லை, அண்ணா. தொலைந்த சாவி கிடைத்த மாதிரி சொன்னார். யாரோ டீ ஆறுகிறது என்றார்கள். இவர் அந்தத் துணியை நாலாக மடித்தார். கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரை வந்தார். அன்றிலிருந்து வாசலுக்கே வருவதில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தில் அந்தக் கோட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வரியில் நான் நின்றேன். அதை அழித்துவிடு என்று அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் ஏன் என்று கேட்பாய். சொன்னால் என் பொய் தெரியும். யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். அவரை அந்த மேடையில் ஏற்றி நிற்கவைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சங்கத்துக்கு ஒரே ஒரு வரி எழுது, அண்ணா. வலது பக்கம் படத்தில் இல்லை, அந்தக் கோடு நானாகப் போட்டது என்று. அது போதும்.

உன் தங்கை


மே 16

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம்.

பதவி உயர்வு என்று நீ எழுதியபோது நான் தெருவில் பத்துப் பேரிடம் சொன்னேன். அந்தப் பத்துப் பேருக்கும் இப்போது நான் வரி எழுத வேண்டுமா? பொய் சொன்னது நீ. மறைத்தது நீ. அழித்துவிடு என்று சொல்லாமல் இருந்தது நீ. தலை குனிய வேண்டியது மட்டும் நான்.

நீ கேட்பது ஒரு வரி இல்லை. கேடயம் குழுவின் அலமாரியில் இருக்கிறது, நடுத்தட்டில். அதில் என்ன பொறித்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். வலது பக்கம் கற்பனை என்று நான் எழுதிய மறுநாள் பல் டாக்டர் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். இந்த வயதில் எனக்கு இருப்பது அந்த ஒரு தட்டு.

அந்த ரக விமானம் எல்லாமே அங்கே கசியும். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பார். நான் இல்லாததைப் போடவில்லை. என் கை காரணம் இல்லாமல் எங்கேயும் போகாது. காய்ந்திருந்தது என்று அவர் சொல்கிறார். அதற்கு அவரைத் தவிர யார் சாட்சி? அவர் விரலுக்குத் தெரியாதது என் தூரிகைக்குத் தெரிந்ததோ என்னவோ.

நான் எழுத மாட்டேன்.

அண்ணன்


மே 25

அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவரிடம் காட்டவில்லை.

அண்ணியை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

தங்கை


ஜூன் 19

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வேலைக்கு நன்றி சொல்ல வேண்டும். துணியை விலக்கியதும் எனக்கு எருமையின் வாசனையே வந்துவிட்டது. இடது சக்கரக் கம்பத்தில் நான் துடைத்த தடத்தைக்கூடப் போட்டிருக்கிறீர்கள். அது துடைத்த தடம் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வேலை செய்தேன் என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

வலது பக்கக் கோடு நீங்கள் சும்மா போட்டது என்று உங்கள் தங்கை சொல்கிறாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்கிறாள் என நினைக்கிறேன். இவ்வளவு சின்னத் தடத்தைப் பார்த்துப் போட்டவர், பார்க்காததைப் போட்டுவிட்டு உள்ளது உள்ளபடி என்று எழுதுகிற ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும்.

அதனால் ஒன்று கேட்க வேண்டும். படத்தில் வலது பக்கம் தெரியாது. ஆனால் வயிற்றுக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், அந்தப் பக்கத்துத் தரை கொஞ்சம் தெரியும். நிழலாக இருக்கும். அந்த நிழலுக்குள் நான் இதுவரை பார்த்ததில்லை. பூதக் கண்ணாடி வாங்கி வைத்தேன், தைரியம் வரவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஈரம் தெரிகிறதா? சொட்டு ஏதாவது இருக்கிறதா?

இவ்வளவு வருஷமும் கண்ணை மூடினால் என் விரல் தெரியும். காய்ந்த விரல். அதை வைத்துக்கொண்டுதான் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தேன். இப்போது கண்ணை மூடினால் உங்கள் கோடு தெரிகிறது. சிவப்பாக, வால் பக்கம் போகிறது. நான் பார்த்தது எது, நீங்கள் போட்டது எது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

இருந்தது என்றால் இருந்தது என்று எழுதுங்கள், மச்சான். உங்கள் மேல் எனக்கு வருத்தம் வராது. ஒத்துக்கொண்டு போகிறேன். ஒருவருக்குக் கை போயிருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். குழுவுக்குப் போனேன், அலமாரியைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். 'அது எனக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம் வந்தால் தாளை மடித்துவிடுவேன்.

நிழலைப் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன். அதற்கு முன்னால் பார்க்கத் தோன்றவே இல்லை. பூதக் கண்ணாடியில் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன். அது நிழல், மாப்பிள்ளை. அங்கே ஈரமும் தெரியவில்லை, ஈரம் இல்லை என்பதும் தெரியவில்லை. உங்களுக்கு நல்லதாக ஏதாவது கண்டுபிடித்துச் சொல்லிவிடலாமா என்று கூட நினைத்தேன். மறுபடியும் பார்க்காததைச் சொல்வதா?

அந்தக் கோடு நான் போட்டது. இடம் காலியாக இருந்தது, அழகுக்காகப் போட்டேன். அட்டையில் எழுதியது பொய். உங்கள் தங்கமான மனசுக்கு அது பொய் என்று தோன்றவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இதைவிட மோசமாக ஒன்றை உங்களைப் பற்றி என் தங்கைக்கு எழுதினேன். அவள் உங்களிடம் காட்டவில்லை என்றாள். அதை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை, என் கையாலேயே இன்னொரு முறை எழுத முடியாது.

வீட்டில் என் மனைவியும் உங்கள் கடிதத்தைப் படித்தாள். பிறகு ஒருநாள், "வண்டிக்குக் கலர் மாறிப்போனா உரிச்சுட்டு மறுபடி அடிப்பீங்கல்ல? இதுல மட்டும் என்ன, கல்லுல வெட்டியா வெச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் மாதக் கூட்டம் என்று விசாரித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். உங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்று தெரியும். உங்கள் தெரு முனையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். மன்னிக்க வேண்டும்.

பெட்டியைத் திறக்கச் சொன்னேன். செயலாளர், "இது நல்லாத்தானே இருக்கு சார், எதுக்கு?" என்றார். மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து, விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் நடுக்கோட்டில் டேப் ஒட்டி, இடது பக்கத்தை மூடினேன். வலது பக்கம் முழுக்கப் பிரேக் ஆயில் பூசினேன். வண்டியில் சிந்தினால் பெயின்டைத் தின்னும் என்று நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரத்தில் பெயின்ட் சுருங்கிப் பொங்கியது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். அந்தக் கோடு மட்டும் இல்லை. உப்பு வைத்தது, புகை போட்டது, நீலப் பட்டை, எல்லாவற்றையும். கோட்டை மட்டும் அழித்தால் மற்றதெல்லாம் நான் பார்த்துப் போட்டது என்று ஆகிவிடும். சுற்றி உங்கள் ஆட்கள் நின்றார்கள். தண்ணீர் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

வலது பக்கம் வெறும் சாம்பல் பிளாஸ்டிக், பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்த மாதிரி.

டார்ச் என்கிறவர் குனிந்து பார்த்தார். "அப்போ கசியலையா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார்," என்றேன். "இந்தப் பக்கத்தை நான் பார்க்கல. பார்த்தவர் ஒருத்தர்தான் இருக்கார். நீங்க கேட்க வேண்டியது அவரைத்தான்."

கேடயத்தை மேஜையில் வைத்தேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்துவிட்டேன். புது அட்டை எழுதி வைத்திருக்கிறேன்: "இடது பக்கம் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது. வலது பக்கத்தை நான் பார்க்கவில்லை." பல் டாக்டருக்கு நானே சொல்லிவிட்டேன். "பரவாயில்லை பெரியவரே" என்றார். அவர் சிரித்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உங்கள் படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் என் விரல் கறை கொஞ்சம் பட்டுவிட்டது.

வீட்டுக்கு வரச் சொல்லி எழுத வேண்டாம். இப்போது வர முடியாது.

மச்சான்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் நலம். இவர் நேற்று இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உனக்கு முழங்கால் எப்படி? அண்ணியைக் கேட்டதாகச் சொல். கதவைத் திறந்து வைத்துச் சமைக்கிறார்களா?

நீ மே மாதம் எழுதிய கடிதத்தை நான் மறக்க மாட்டேன். உன் ஆல்பம் மாதிரி அது எனக்கு. ஆனால் பிப்ரவரியில் அந்தக் கோட்டைப் பற்றித் தெரிந்தும் சும்மா இருந்த கதையை நானும் இவரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பிறந்தவங்கதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முந்தாநாள் மாதக் கூட்டம். டார்ச் ஆள் அனுப்பவில்லை, தபாலும் போடவில்லை. அவரே வந்து வாசலில் நின்றார். "நீ வந்தா நாம சேர்ந்து போகலாம்" என்றார். இவர் பாலிஷ் போட்ட ஷூவைத் தேடினார். நானும் கூடவே போனேன்.

சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது செயலாளர் இவரை விமானத்தோடு நிற்கவைத்துப் படம் எடுக்க வந்தார். "மச்சான் வரட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று இவர் சொல்லிவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆக, இந்தப் படம் உனக்காகக் காத்திருக்கிறது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் எருமை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆடை இல்லாமல் யாரோ நிற்பது போல. இவர் வலது பக்கமாகப் போய் நின்றார். டார்ச் தன் விளக்கை எடுத்தார், என்ன நினைத்தாரோ, பையிலேயே போட்டுக்கொண்டார்.

"விசாரணையில பார்த்தியா இல்லையான்னுதான் கேட்டோம்," என்றார். "நீ என்ன பார்த்தேன்னு சொன்னதை யாரும் காதுல வாங்கல. இன்னிக்குக் கேக்கறேன், சொல்லுப்பா."

இவர் மடித்த கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். வயிற்றுக்கு அடியில் கையை விட்டார். உன் கோடு இருந்த இடத்தில், சக்கரக் குழியிலிருந்து வால் வரைக்கும், மெதுவாக விரலை வைத்து இழுத்தார். பிறகு விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். எல்லாரும் அந்த விரலைத்தான் பார்த்தார்கள்.

"இந்தப் பக்கத்தை நான் பார்த்தேன்," என்றார். "காஞ்சிருந்துச்சு."

உன் தங்கை